பனியில் காலமானார்

என் மச்சான் பச்சமுத்துவைக் கொன்றது பனி. அதைச் சொன்னதற்காகத்தான் ஊர் என்னைக் கொலைகாரன் என்றது.

தந்தி ஆங்கிலத்தில் வந்தது. வெள்ளிமலை தபால் ஆபீசில் இருந்தவர் அதைப் படித்துப் பார்த்து, ஒரு தாளில் தமிழில் எழுதி என் மாமியாரிடம் கொடுத்தனுப்பினார். 'பச்சமுத்து பனியில் காலமானார்.' அந்த மனிதர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஸ்னோ என்றால் பனி என்றுதான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கல்வராயன் மலையில் பனி என்றால் மார்கழி விடியலில் சாமைத் தாளின் நுனியில் நிற்கிற ஈரம். காதில் துண்டைச் சுற்றாமல் வெளியே போனால் சளி பிடிக்கும். வெயில் ஏறினால் அது இருந்த இடம் தெரியாது. பிறந்ததிலிருந்து அந்தப் பனியில் மாடு ஓட்டிய இருபத்திரண்டு வயதுக்காரன் அதில் செத்துப்போனான் என்றால் எவன் நம்புவான்? அவன் என்னோடு போனவன். நான் மட்டும் திரும்பி வந்தேன். நான் அவன் அக்காள் புருஷன் வேறு. ஊர் வாய்க்கு இது போதாதா?

எண்பத்தேழில் நாங்கள் இரண்டு பேரும் வடக்கே போனோம். இமாசலத்தில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடுகிறார்கள் என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு மேஸ்திரி ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். "மலைக்காரங்கதானே, உங்களுக்கு இன்னா கஷ்டம்? மலைன்னா எல்லாம் மலைதான்" என்றான். அவன் வாயில் மண்ணைப் போட. என் பெண்டாட்டி கண்ணகிக்கு இதில் இஷ்டமே இல்லை. தம்பி சின்னவன் என்றாள். "என் கண்ணு அவன் மேலயே இருக்கும்" என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

நான் எட்டாவது படித்தவன். எழுதத் தெரியும் என்பதால் என்னைக் கல் சுமக்க அனுப்பாமல் பனி பார்க்கிற வேலையில் போட்டார்கள். சிரிக்க வேண்டாம். அப்படி ஒரு வேலை இருக்கிறது. தினம் காலையிலும் சாயங்காலமும் நட்டுவைத்த கம்பில் பனி எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம், குளிர் எத்தனை டிகிரி என்று எழுத வேண்டும். சரிவில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரில் கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். முஷ்டியே உள்ளே போனால் மெத்தென்ற பனி. ஒரு விரல்தான் போகிறது என்றால் கொஞ்சம் இறுகியது. பென்சில்தான் இறங்கும், கத்திதான் இறங்கும் என்று இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். அங்கே பனி அடுக்கடுக்காக நிற்கும். ஒவ்வொரு தடவை பெய்வதும் ஓர் அடுக்கு. அடியில் கிடப்பது குளிரில் ஒட்டுதல் விட்டுப்போய்ச் சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும். மேலே பெய்தது ஒரே பாளமாக இறுகி உட்கார்ந்திருக்கும். அதன் மேல் ஓர் ஆள் நடந்தால் போதும், மலைப் பக்கம் மொத்தமும் கிளம்பிக் கீழே வரும்.

எங்கள் கொட்டகைக்கும் சுரங்கத்தின் வாய்க்கும் நடுவில் ஓர் ஓடை. இருநூறு தப்படி அகலம். மேலே பனி சரிந்தால் அது வழியாகத்தான் இறங்கும். அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். ஓடைக்கரையில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. சரியும் என்றால் சிவப்பு, சரியாது என்றால் பச்சை. மார்கழியில் எங்கள் அதிகாரி நேகி சார் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவில் போனார். கொடி என் கைக்கு வந்தது. அந்த வாரமே கண்ணகிக்குக் கடிதம் போட்டேன். 'சிவப்புக்கொடி கட்டினால் ஒருத்தனும் அசையக் கூடாது. பச்சைக்கொடி கட்டினால்தான் எஞ்சினியர்கூடக் காலை எடுத்து வைக்க முடியும். இங்கே எல்லாம் நான்தான்.' அவள் ஐந்தாவது வரை படித்தவள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள்.

தை மாதம் பச்சமுத்து போனான். நான்கு நாள் இரும்புக் கம்பியால் பனியைக் குத்திக் குத்தித் தேடினோம். உருகினால்தான் கிடைப்பான் என்று சொல்லிவிட்டார்கள். அவனை அங்கே விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு வருவது? வைகாசி வரைக்கும் கிடந்தேன். கிடைத்தான். அங்கேயே எரித்து, ஒரு பால் பவுடர் டப்பாவில் சாம்பலை எடுத்துக்கொண்டு ஆனி மாதம் ஊர் வந்து சேர்ந்தேன்.

வந்தவன் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

"நாலு மாசம் கழிச்சி எடுத்தாங்களாம், மொகம் தூங்கற மாதிரியே இருந்துச்சாம். கேட்டீங்களா இந்த அநியாயத்த?" என்று என் மாமியார் ராஜாம்பாள் தெருவில் நின்று கத்தினாள்.

"பனில அழுவாது அத்தே."

"பனில வெச்ச தக்காளி மறுநாளு அழுவிப்பூடுது. எம் புள்ள அழுவலயாம்! நம்ம சனம் பொதைக்கிற சனம். நீ எதுக்குடா எரிச்ச? ஒடம்புல காயம் இருந்தா தெரிஞ்சிடும்னுதானே எரிச்ச?"

அங்கே தரை முழுக்கப் பாறை, கடப்பாரை இறங்கவில்லை என்றேன். "மலைல மண்ணே இல்லியாம்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. 'வாங்க மாப்ள' என்பதைத் தவிர வேறு வார்த்தை என்னிடம் பேசியறியாத வாய் அது. சாம்பல் டப்பாவை அவள் தொடவில்லை. எவன் சாம்பலோ என்றாள். தன் பிள்ளைக்குக் காரியம் செய்ய மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

கண்ணகி அன்று சாயங்காலமே துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் கத்தவில்லை. "எனக்குப் புரியறாப்ல சொல்லுங்க. புரிஞ்சிடுச்சின்னா நானே வூட்டுக்கு வரேன்" என்றாள். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவளுக்கு அந்த மார்கழி ஈரம்தான் கண்ணில் தெரிந்தது.

அதற்கப்புறம் ஊரில் என் பாடு சொல்லி மாளாது. டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். ஜீப்பில் ஏறினால் பேச்சு நின்றுபோகும். ஏர் கேட்டால் மாடு நொண்டுகிறது என்றார்கள். முகத்துக்கு நேராகத் திட்டினால் திருப்பித் திட்டலாம். இவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். எனக்கு அடி வாங்கப் பயமில்லை, வசவு வாங்கப் பயமில்லை. என்னைப் பார்த்து ஒருவன் சிரித்தால் மட்டும் உச்சந்தலை வரைக்கும் எரியும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

கடைசியில் ஊர்க்கவுண்டர் அம்மாசி ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"இதா பாரு வேடியப்பா. இந்தப் பேச்சு ஊருக்கு நல்லதில்ல. ஆடி மொத வெள்ளிக்கெழம கோயிலாண்ட ஊரு கூடுது. பனி ஆளக் கொல்லும்னு நீ காட்டு. காட்டிட்டா உம் பொண்டாட்டிய இட்டுக்கினு போ. இல்லன்னா தாலிய வாங்கி உங்கையில குடுத்துத் தீத்து வுட்டுடுவோம். அப்பறம் நீ இந்த மலைலயே இருக்க முடியாது."

"பனிய நான் எங்கருந்து கொண்டாருவேன்?"

"அது உம் பாடு" என்று சொல்லி அவர் வெற்றிலையைத் துப்பப் போனார்.

ஒரு வாரம் தூங்கவில்லை. கண்ணகி இல்லாத வீட்டில் கேழ்வரகு மாவோடு மல்லாடிக்கொண்டு இருந்தபோதுதான் யோசனை வந்தது. புட்டுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசிறின மாவைக் கையால் அமுக்கினேன். பாளமாக நின்றது. பக்கத்துச் சட்டியில் சாமை இருந்தது. சாமையைக் கையில் அள்ளினால் எவ்வளவு அமுக்கினாலும் ஒட்டாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலையே என் அடுப்பங்கரையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிவேளைக்கு ஊரே கோயில் முன்னால் இருந்த பாறையில் உட்கார்ந்திருந்தது. ராஜாம்பாள் முன்வரிசையில். அவள் பின்னால் கண்ணகி, துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு. என்னோடு வருவதற்காக மூட்டையைக் கொண்டுவந்திருக்கிறாளா, இல்லை அது அவளிடம் எப்போதும் அப்படியே கட்டியபடிதான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு பழைய கதவுப் பலகையும், இரண்டு கூடையும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

கண்ணாயிரம் ஆரம்பித்தான். வாரம் தவறாமல் கள்ளக்குறிச்சிக்குப் போய் சினிமா பார்த்துவிட்டு வருகிறவன்.

"கவுண்டரே, நானும் பனி பாத்துகீறேன். சினிமாவுல வெள்ளையா மல முழுக்கக் கெடக்குது. மெல்லிசு பொடவ கட்டிக்கினு ஒரு பொண்ணு அதுல உருண்டு உருண்டு பாடுது. அதுக்குத் தும்மல்கூட வரல. இவனுக்கு மச்சான் செத்துப்பூட்டானாம்."

சிரித்தார்கள்.

"அது தண்ணிதான் ஒறஞ்சி விழறது. ஐஸ் மாதிரி" என்றேன். இந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"ஐஸா? குச்சி ஐஸ் மேல விழுந்து செத்தானா?" என்றான் கண்ணாயிரம். "இன்னா ஐஸ்பா? பால் ஐஸா, சேமியா ஐஸா?"

கிழவர்கள் முதற்கொண்டு சிரித்தார்கள். ராஜாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. "எம் புள்ள சாவு உங்களுக்குச் சிரிப்பா இருக்குதா?" என்று அவர்களைத் திட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர்களின் சிரிப்பே தேவலாம்.

பலகையில் பழைய சாக்கு ஒன்றை ஆணி அடித்து வைத்திருந்தேன். ஒரு முனையைக் கல் மேல் தூக்கி நிறுத்திச் சரிவாக்கினேன். சாக்கின் மேல் விரல்கடை கனத்துக்குச் சாமையைப் பரப்பினேன். "இது அடில கெடக்கற பழைய பனி. இதுக்கு ஒட்டுதல் கெடையாது." அதன் மேல் பிசிறின மாவைப் போட்டு உள்ளங்கையால் அமுக்கினேன். "இது மேல பேஞ்ச புதுசு." பலகையின் அடியில், தரையில், ஒரு புளியங்கொட்டையை வைத்தேன்.

"அது இன்னாது?" என்றார் அம்மாசி.

"பச்சமுத்து."

கூட்டம் அடங்கியது. நான் நிமிர்ந்து நின்று, "இப்ப சரியும் பாருங்க" என்று சொல்லி மாவின் ஓரத்தில் விரலால் தட்டினேன்.

சரியவில்லை.

இன்னொரு தடவை தட்டினேன். மாவில் விரல் பதிந்த குழிதான் விழுந்தது. கண்ணாயிரம் எழுந்து நின்று, "பச்சமுத்து, எழுந்து வூட்டுக்குப் போடா, ஒண்ணும் ஆவல" என்று புளியங்கொட்டையைப் பார்த்துச் சொன்னான். சிரிப்பு பாறை முழுக்க உருண்டது.

அந்தச் சிரிப்பை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். தை மாதம் இரண்டடி பனி பெய்தது. குழி வெட்டினேன், அடியில் சர்க்கரை. சிவப்புக்கொடி கட்டினேன். நான்கு நாள் வேலை நின்றது. நான்கு நாளும் ஒரு பிடி பனி சரியவில்லை. சூப்பர்வைசர் என்னை நாயே என்றான். கொட்டகையில் ஆள் ஆளுக்குச் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் என் மச்சான்தான். "பனிக்கு நாடி புடிக்கிற வைத்தியரே, இன்னிக்கு நாடி எப்டி?" என்று நான் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் கேட்பான். நான்காம் நாள் ராத்திரி இன்னும் ஓர் அடி பெய்தது. ஐந்தாம் நாள் காலை நான் போய்க் குழியைப் பார்த்தேன். கையை வைத்த மாத்திரத்தில் மேல் பாளம் நகர்ந்து என் மடியில் விழுந்தது. மேலே பாரம் கூடிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கொடிக்கம்பத்துக்கு வந்தேன். எல்லோரும் கொட்டகை வாசலில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாமா, இன்னிக்கி இன்னா கொடி?" என்று பச்சமுத்து கேட்டான். கேட்கும்போதே அவன் வாயில் சிரிப்பு தயாராக இருந்தது. நான் பச்சையைக் கட்டினேன்.

"அப்டி வா வழிக்கு" என்றான். டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு அவன்தான் முதலில் இறங்கினான். பாதி ஓடையில் இருந்தபோது தும் என்று நெல் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மேலே குறுக்கே ஒரு கோடு ஓடியது. அப்புறம் அவன் இல்லை.

இப்போது இந்த நாய்களும் அதே மாதிரி சிரிக்கின்றன. பலகையைக் குனிந்து பார்த்தேன். கோபத்திலும் தொழில் மறக்கவில்லை. மேலே பாரம் போதவில்லை. கூடையில் மாவு தீர்ந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் மாவு வேணும்" என்றேன்.

"வூட்டு மாவையெல்லாம் மண்ல கொட்டறதுக்கா?" என்றாள் ஒருத்தி. யாரும் அசையவில்லை. அம்மாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊர் கலையப்போகிறது என்று அர்த்தம். அப்போது கண்ணகி எழுந்தாள். மூட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள் போய், ஒரு முறம் நிறைய மாவும் சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

அந்த மாவையும் பிசிறி மேலே ஏற்றினேன். உள்ளங்கையை மெதுவாக வைத்தேன். அடியில் சாமை லேசாக நெளிந்தது கைக்குத் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

"இப்ப சரியும்" என்றேன். யாரும் சிரிப்பதற்குள் சுண்டுவிரலால் தொட்டேன்.

மேலே குறுக்காக ஒரு கோடு விழுந்தது. மாவு மொத்தமும் ஒரே பாளமாகக் கிளம்பி, பாதி வழியில் உடைந்து, தரையில் போய்க் குவிந்தது. புளியங்கொட்டை போன இடம் தெரியவில்லை.

பின்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இது ரெண்டு படி மாவு" என்றேன். "அங்க இந்தக் கோயிலு மாதிரி நூறு கோயிலு பாரம். அது மேல வந்து உக்காந்தா ஆளு மூச்சு வுட முடியுமா? சொல்லுங்க. பால் ஐஸா, சேமியா ஐஸா? சொல்லுடா கண்ணாயிரம்!"

கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குள் என்னவோ குளிர்ந்தது. ராஜாம்பாள் முழங்காலில் நகர்ந்து வந்தாள். மாவுக் குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டாள். துழாவினாள், அள்ளி ஒதுக்கினாள், மறுபடி துழாவினாள். முழங்கை வரைக்கும் மாவு. கம்பியால் குத்திக் குத்தி நாங்கள் தேடிய மாதிரியே தேடினாள். கடைசியில் கொட்டை கிடைத்தது. முந்தானையில் துடைத்து, முந்தானை முனையிலேயே முடிந்துகொண்டு, பாறையில் தலையை வைத்து அழுதாள். தந்தி வந்து ஆறு மாதம் கழித்து அன்றுதான் அவள் பிள்ளை செத்தான்.

"நாங்க அறியாத சனம்பா" என்றார் அம்மாசி. "கண்ணகி, புருஷனோட போம்மா. ராஜாம்பா, புள்ளைக்குக் காரியம் பண்ணு."

கண்ணகி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். பலகை என் தோளில். கோயிலிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கொல்லை வழியாகக் கூப்பிடு தூரம்தான். "உங்கள நம்பாம பூட்டேங்க" என்றாள். அவள் குரல் அழுது கரகரத்திருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் பரவாயில்லை என்றேன். எனக்கு அப்போது ராஜாவாக இருந்தது. கண்ணாயிரம் தலை குனிந்ததை மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"ரெண்டாவது வாட்டி, தொடறதுக்கு முன்னாடியே சரியும்னு சொன்னீங்களே, எப்டி?" என்று கேட்டாள்.

"கைய வெச்சா தெரிஞ்சிடும் புள்ள. மொத வாட்டி பாரம் பத்தல. ரெண்டாவது வாட்டி கைய வெக்கறப்பவே அடில நெளிஞ்சிது. அங்கயும் அப்டித்தான். குழி வெட்டிக் கைய வெச்சேன்னா எனக்குத் தப்பவே தப்பாது."

பின்னால் கொலுசுச் சத்தம் நின்றுபோனது. நானும் நின்றேன்.

"அன்னிக்கிக் காலைல கைய வெச்சீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாவைச் சாட்சியாக வைத்து ஊரையே நம்பவைத்தவனுக்கு அந்த ஒரு சொல் பெரிதா? ஆனால் இல்லை என்று சொன்னால் என் வேலையை நான் செய்யவில்லை என்று ஆகும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில்கூட அந்த ரோஷம்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"வெச்சேன்" என்றேன்.

"இன்னா கொடி கட்டுன?"

கல்யாணம் ஆன ஆறு வருடத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"பச்ச."

அவள் திட்டியிருந்தால், அடித்திருந்தால் எனக்குத் தெம்பு வந்திருக்கும். "நாலு நாளா சிரிச்சாங்க கண்ணகி" என்றேன். "எல்லாரும் சிரிச்சாங்க. அவனும்தான் சிரிச்சான்."

"இன்னிக்கும் சிரிச்சாங்க. அதனாலதான் ரெண்டாவது வாட்டி செஞ்ச" என்றாள். "எனக்காவ செய்யறன்னு நெனச்சிக்கினு நான் மாவு கொண்டாந்து குடுத்தேன்."

மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். எதிரே ராஜாம்பாள் வந்துகொண்டிருந்தாள். கையில் மாவு காயவில்லை. சாம்பல் டப்பாவை வாங்கிப்போக வந்திருந்தாள். மகள் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இன்னா மாப்ள, அவ ஏன் திரும்பிப் போறா? இன்னா ஆச்சிங்க?" என்று என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணகி நின்று திரும்பினாள்.

"அவர ஒண்ணும் கேக்காதம்மா. அவருக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்."

மாமியார் அதை என்னைப் பற்றிய பெருமையாக எடுத்துக்கொண்டு, "தெரியாம இன்னா, எவ்ளோ படிச்ச வேல" என்று சொல்லித் தலையை ஆட்டினாள்.